பதினோராம் எண் கூண்டு

புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில் மிகப் பயங்கரமானது எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். 11 என்பார்கள். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும், கடைசி எண் 11, ஆகவே அதுதான் உச்சம் என்ற கணக்கு. உண்மையில் உச்சம் 10-ஆம் எண். 11 ஏற்றினால், வானிலை மையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துபோய்விட்டது என்று அர்த்தம். தந்தி வரவில்லை, தொலைபேசி பேசவில்லை. துறைமுக அதிகாரி தானே வானத்தையும் கடலையும் பாரமானியையும் பார்த்து, இது நல்லதுக்கில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார். கம்பி அறுந்ததைச் சொல்லும் கூண்டு அது. என்னைக் கேட்டால் 10-ஐ விட அதுதான் வயிற்றைக் கலக்க வேண்டும். ஆனால் காரணம் வேறு.

நாளிதழில் இரவுப் பணி பார்த்த உதவி ஆசிரியன் நான். பிறந்த ஊர் நாகப்பட்டினம். ஐப்பசி பிறந்துவிட்டால் என் மேசைக்குக் கூண்டுச் செய்திகள் வர ஆரம்பிக்கும். கடலூரில் 1, நாகையில் 1, பாம்பனில் 1. இரண்டு நாள் கழித்து எல்லாம் 3. செய்தியைத் தலைப்போடு சேர்த்து அச்சுக்கு அனுப்ப ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த எண்களை வாசகருக்கு விளக்க நாங்கள் போடும் பெட்டிச் செய்தி இருக்கிறதே, அதில்தான் தமிழ்ப் பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாக இடறி வந்திருக்கின்றன.

கூண்டு என்பது கூம்பும் உருளையும்தான். பகலில் கொடிமரத்தில் கறுப்புக் கூம்பும் உருளையும் எண்ணுக்கேற்ற வரிசையில் தொங்கும். இரவில் அதே மரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். 1-ம் 2-ம் தொலைவில் கடலுக்குள் ஏதோ உருவாகிறது என்று சொல்பவை. 3-ம் 4-ம் இந்தத் துறைமுகத்துக்கே காற்று வரலாம் என்பவை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 அதே மூன்று செய்தியை இன்னும் கடுமையான புயலுக்குச் சொல்பவை. இதில் 5-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடுதான் சங்கதி. துறைமுகம் தன் பாதையின் இடப்பக்கம் விழும்படி புயல் போகும் என்பது 5. வலப்பக்கம் விழும்படி போகும் என்பது 6. நேராகவோ மிக அருகிலோ வரும் என்பது 7. பத்திரிகையில் இது எப்படி வரும்? ‘5-ஆம் எண்: புயல் துறைமுகத்தின் இடப்பக்கமாகக் கரையைக் கடக்கும்.’ யாருடைய இடப்பக்கம்? கரையில் நின்று கடலைப் பார்ப்பவனுக்கு இடப்பக்கம் வடக்கு. கடலிலிருந்து மேற்கே வரும் புயலுக்கு இடப்பக்கம் தெற்கு.

இது இலக்கணச் சண்டை இல்லை. நம் பக்கத்துப் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். கிழக்கிலிருந்து வரும் புயல் நாகைக்கு வடக்கே ஏறினால் நாகையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும், தண்ணீர் பின்வாங்கும். நாகைக்குத் தெற்கே ஏறினால் காற்று கடலை அள்ளிக்கொண்டு ஊருக்குள் வரும். முதலாவது 5, இரண்டாவது 6. எங்கள் பக்கத்தில் ‘கடல் உள்ளே வந்துட்டு’ என்று சொல்கிறார்களே, அது 6-இன் வேலை, 9-இன் வேலை. கீழைக் கடற்கரையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்றல்ல, அது தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர். இந்த வித்தியாசத்தை இரண்டு கூம்பு உருளைகளில் சொல்லிவிட முடியும் என்று கண்டவனுக்கு ஒரு கும்பிடு போடலாம். அதைப் பெட்டிச் செய்தியில் குழப்பியதற்கு எங்கள் தொழிலைத் திட்டலாம்.

என் அப்பாயி புயல் என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘புசல்’ என்பாள். பெரும்பாலும் அதுவும் இல்லை, ‘காத்து மழை’, ‘பெருங்காத்து’. 1952 நவம்பர் 30 அன்று நாகைப் பக்கம் அடித்த புயல் அவளுக்கு ‘நந்தன வருஷத்துக் காத்து’. எங்கள் குடும்பத்தில் யார் எப்போது பிறந்தார்கள் என்பதெல்லாம் அந்தக் காத்துக்கு முன்னால், பின்னால் என்றுதான் கணக்கு. புசல் என்பதைக் கொச்சை என்று தள்ளிவிடாதீர்கள். முயல் முசலானது, வாயில் வாசலானது போலத்தான் இது. பழைய தமிழ் விவிலியத்தில் புசல் என்றே அச்சேறியிருக்கிறது, பெருங்காற்றுக்கும் சுழல்காற்றுக்கும் பக்கத்தில்.

புயலுக்கு இந்தக் காற்று வேடம் வந்தது பிற்பாடுதான். பழைய தமிழில் புயல் என்றால் மேகம். அது பொழியும் மழை. வான்சிறப்பு அதிகாரத்தில் வள்ளுவர் புயல் என்று சொல்வது உழவனுக்கு வருமானம் தரும் மழையை. அது குறைந்தால் ஏர் நிற்கும் என்பது அவர் கவலை. இன்றைய பொருளில் படித்தால், புயல் அடிக்கவில்லையே என்று உழவன் வருந்துவதாகத் தோன்றும். வகுப்பறையில் பையன்கள் சிரிப்பார்கள். திருமாலைப் புயல்வண்ணன் என்று பாடியபோது கறுத்த மேகத்தின் நிறத்தைத்தான் சொன்னார்கள், குணத்தை அல்ல. நிகண்டு நூல்கள் முகில், எழிலி, மஞ்சு, கொண்டல், கார் இவற்றோடு புயலையும் மேகத்தின் பெயராகவே வைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் மேகமும் பெருங்காற்றும் ஒரே சொல்லின் கீழ் இருக்கின்றன.

மேகத்தின் பேர் காற்றுக்கு எப்படிப் போனது? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி கொண்டல். கொண்டல் என்றால் நீர் கொண்ட மேகம். கொண்டல் என்றால் கீழ்க்காற்றும்தான். வாடை வடக்கு, தென்றல் தெற்கு, கோடை மேற்கு, கொண்டல் கிழக்கு என்று நாலு காற்றுக்கும் பேர் வைத்தவர்கள், கிழக்குக் காற்றுக்கு மட்டும் மேகத்தின் பேரையே வைத்தார்கள். சோழமண்டலக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வங்கக் கடலிலிருந்து மேகமும் காற்றும் தனித்தனியாக வருவதில்லை. புயலும் அந்த வழியில்தான் நடந்திருக்க வேண்டும். மேகம், மேகத்தோடு வரும் காற்று, பிறகு காற்று மட்டும்.

அந்த நடுப்படி நம் கண் முன்னாலேயே இருக்கிறது. 1916 நவம்பர் 22, நள வருடம் கார்த்திகை 8, புதன்கிழமை இரவு. புதுச்சேரியைப் புயல் தாக்கியது. அப்போது அங்கே தஞ்சம் இருந்த பாரதி, அந்த இரவைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, தமிழ்த் தேதியையும் கிழமையையும் தலைப்பின் கீழேயே போட்டுவைத்தார். தலைப்பு ‘புயற்காற்று’. மறுநாள் தப்பி நின்ற தோப்பைப் பற்றி ‘பிழைத்த தென்னந்தோப்பு’ என்று இன்னொன்று. புயலோடு காற்று என்ற சொல்லை ஒட்டவைக்கும் தேவை அன்று இருந்திருக்கிறது. முப்பது ஆண்டு கழித்து, கல்கி ‘அலை ஓசை’யின் இரண்டாம் பாகத்துக்கு வெறுமனே ‘புயல்’ என்று பேர் வைத்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அதே கல்கி ‘பொன்னியின் செல்வ’னில் சோழர் காலத்துக்குப் போனதும் இரண்டாம் பாகத்தைச் ‘சுழற்காற்று’ என்றார். சமகாலக் கதைக்குப் புயல், பழங்காலக் கதைக்குச் சுழற்காற்று. அவர் காது கூர்மையானது.

இந்த முப்பது ஆண்டில் காற்று என்ற வாலை அறுத்தது யார்? என் சந்தேகம் கூண்டின் மேல்தான். கூண்டும், அதைப் பற்றிய அறிக்கையும், அந்த அறிக்கையைப் படித்த வானொலியும். 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் வந்த பிறகு, ‘புயல் எச்சரிக்கை’ என்ற இரட்டைச் சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ‘புயற்காற்று எச்சரிக்கை’ என்று நீட்டி முழக்க அங்கே நேரமில்லை. பத்தி அகலத்தில் இடமுமில்லை. தலைப்பு எழுதுகிறவன் எப்போதும் குட்டையான சொல்லைத்தான் எடுப்பான். நானும் எடுத்திருக்கிறேன்.

கூண்டுக்கு முன்னால் என்ன இருந்தது? நாட்காட்டி இருந்தது. சென்னையில் கோட்டை கட்டியவர்களுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவே கொந்தளிக்கும் அலைவாய். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் கரைக்கு வரும், கடிதங்கள் கட்டுமரத்தில். வால்டர் ஹாமில்டன் 1815-இல் வெளியிட்ட ஊர்விவர நூலில் ஒரு வழக்கத்தைக் குறித்திருக்கிறார். அக்டோபர் 15 அன்று சென்னையில் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15 வரை ஏற்ற மாட்டார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒடிசாவின் பால்மிராஸ் முனையிலிருந்து இலங்கை வரை இந்தக் கரையோரம் நங்கூர ஆழத்துக்குள் வந்த கப்பலுக்குக் காப்பீடு செல்லாது.

அந்தத் தேதிகளைத் தமிழ் மாதத்தில் வைத்துப் பாருங்கள். ஐப்பசியும் கார்த்திகையும். நம் ஆட்கள் அடைமழைக் காலம் என்று ஒதுங்கியிருக்கும் அதே இரண்டு மாதத்தைத்தான் லண்டன் காப்பீட்டுக்காரர்களும் எழுதிவைத்திருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது பஞ்சாங்கமா, பட்ட அடியா என்றால், அடிக்குக் குறைவில்லை.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தோனே சென்னையைப் பிடித்தார். கொள்ளையும் பேரமுமாக நாள் ஓடியது. கொடி இறக்கும் தேதி நெருங்கியும் கப்பல்கள் நங்கூரத்தில் நின்றன. அக்டோபர் 13 இரவு புயல் வந்தது. கப்பல்கள் மூழ்கின, சில பாய்மரம் இழந்தன, ஆயிரத்துக்கும் அதிகமான மாலுமிகள் போனார்கள். மிஞ்சிய கப்பல்களோடு லபூர்தோனே வெளியேற, சென்னை புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயின் கைக்கு வந்தது. பதினைந்து வருடம் கழித்து ஆட்டம் திரும்பியது. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார்கள். கடல் வழியை அவர்களுடைய கப்பல்கள் அடைத்து நின்றன. 1761 ஜனவரி 1 அன்று, கார்த்திகை கடந்து மார்கழியும் பாதி போன பிறகு, எந்தக் காப்பீட்டுத் தேதிக்கும் கட்டுப்படாமல் ஒரு புயல் வந்து அந்தக் கப்பல்களைச் சிதறடித்தது. இங்கேயும் ஆயிரத்துக்கும் மேல் சாவு. புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு மூச்சு விட நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். சில நாளில் வேறு கப்பல்கள் வந்து வழியை மறுபடி அடைத்தன; ஜனவரி நடுவில் நகரம் சரணடைந்தது. 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்தச் சரணடைவுக்குச் சில நாள் முன்னால்தான் இறந்தார். வியாபாரியாகவும் துய்ப்ளேயின் துபாஷியாகவும் இருந்த அவருக்குக் கடல் காற்று என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. எந்தக் கப்பல் வந்தது, எது வரவில்லை, எதில் யாருடைய சரக்கு.

நாட்காட்டியால் ஆகாததைக் கம்பிதான் செய்ய வேண்டியிருந்தது. புயல் ஒரு நாளைக்குச் சில நூறு மைல் நகரும். அதைவிட வேகமாகச் செய்தி போனால்தான் எச்சரிக்கை. தந்தி வரும்வரை அதற்கு வழியில்லை. ஆனால் புயல் என்பது ஒரு சுழல், அதற்கு நடுவும் விளிம்பும் பாதையும் உண்டு என்ற அறிவு தந்திக்குச் சற்று முன்னாலேயே வந்துவிட்டது. கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவராக இருந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளின் பதிவேடுகளை வைத்துக்கொண்டு வங்கக் கடலின் பழைய புயல்களை ஒவ்வொன்றாக வரைந்தார். 1789 டிசம்பரில் கோதாவரி முகத்துக் கோரிங்கா துறைமுகத்தை மூன்று பேரலைகள் அடுத்தடுத்து வந்து விழுங்கிய புயலும் அதில் ஒன்று. 1848-இல் வெளியான மாலுமிகளுக்கான கையேட்டில், சுருண்ட பாம்பின் வளையத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்று அவர் ஒரு பேர் கட்டினார். இன்று உலகமே சொல்லும் பேர், வங்கக் கடலைப் பார்த்து வைத்தது. 1853-இல் அவர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு ஒரு கடிதம் எழுதினார். சுந்தரவனத்தில் மாட்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டாதீர்கள், ஒருநாள் கடல் ஏறி அடித்துக்கொண்டு போகும் என்று. கட்டினார்கள். கானிங் துறைமுகம் என்று பேரும் வைத்தார்கள். 1867-இல் அது போயிற்று. பிடிங்டன் 1858-லேயே இறந்துவிட்டார். சொன்னது நடந்ததைப் பார்க்க அவர் இல்லை.

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவையும், அடுத்த மாதம் முதல் தேதி மசூலிப்பட்டினத்தையும் புயல் தாக்கியது. இரண்டிலும் சேர்த்துப் பல பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசுக்கு வேகம் வந்தது. 1865-இல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தொடங்கியது. 1875-இல் இந்திய வானிலைத் துறை. 1880-இல் பம்பாய்க்கும் மேற்குக் கரைக்கும், 1886-க்குள் எல்லாத் துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை முறை விரிந்தது. கல்கத்தாதான் முதலில் என்பதில் சென்னைக்காரனுக்கு ஒரு மனக்குறை இருக்க நியாயம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானாய்வகம் இருந்தது. இன்றைய வானிலை மையத்தின் வளாகத்தில் அதன் கருங்கல் தூண் தமிழ் எழுத்துகளோடு இன்னும் நிற்கிறது. மழையையும் வெப்பத்தையும் அத்தனை காலமாய் அளந்துகொண்டிருந்த ஊருக்கு, 1872 மே 2 அன்று கப்பல்களைக் கரையில் தூக்கி அடித்த புயலிலிருந்து தப்ப முடியவில்லை. துறைமுகம் கட்டத் தொடங்கிய ஆறாம் ஆண்டிலேயே, 1881 நவம்பரில், இன்னொரு புயல் வந்து அலைதடுப்புச் சுவர்களைப் பிய்த்துப் போட்டது.

கூண்டு யாருக்காக ஏற்றப்பட்டது என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. நங்கூரத்தில் நிற்கும் கப்பலுக்காக. நிற்பதா, ஆழ்கடலுக்கு ஓடிவிடுவதா என்று கப்பல் தலைவன் முடிவு செய்ய வேண்டும். புயல் எந்தப் பக்கம் போகும் என்று 5-ம் 6-ம் சொல்வது அவனுக்கு. கரையில் குடிசை போட்டிருந்தவர்கள் ஓசியில் பார்த்துக்கொண்டார்கள். மீன்பிடிப் படகுகள் அதிகமுள்ள சிறு துறைமுகங்களுக்கு 3, 4, 7, 10, 11 என்று ஐந்தே எண்கள் கொண்ட குறுகிய முறை பின்னர் வந்தது. இடம் வலம் எல்லாம் அவர்களுக்கு வேண்டாம் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தை, பார்த்தே வலை போடுகிறவனுக்கு இடம் வலம் தெரியாதாம்!

கம்பியும் கூண்டும் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு 1964 டிசம்பர் 22 இரவு பதில் சொன்னது. புயல் இலங்கையின் வடபகுதியைக் குறுக்கே கடந்து பாக் நீரிணைக்கு வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணி ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. 1914-இல் கட்டிய பாம்பன் பாலத்தின் கண்கள் பெயர்ந்தன. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் பாலம் மீண்டது. ஊர் மீளவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு எழுதிவிட்டது. 11-ஆம் எண்ணின் பொருள் அந்த ஒரே இரவில் நிரூபணமானது. தனுஷ்கோடியிலிருந்து சொல்ல ஆளும் இல்லை, கம்பியும் இல்லை.

அதே புயலை அக்கரையில் என்ன சொன்னார்கள்? ஈழத் தமிழர் எழுத்திலும் பேச்சிலும் இதற்குச் சூறாவளி என்ற சொல் வலுவாக இருக்கிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடியது, இன்றுவரை அங்கே ‘எழுபத்தெட்டுச் சூறாவளி’தான். சூறை என்றால் கொள்ளை, வளி என்றால் காற்று. பொருத்தமான பேர். இங்கே சென்னை வானிலை அறிக்கையைக் கேளுங்கள். ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று வரும். இது புயலே அல்ல. அறிக்கைக் கணக்கில் 63 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல். 89-இல் தீவிரப் புயல். 118-இல் மிகத் தீவிரப் புயல். 222-ஐ எட்டினால் சூப்பர் புயல். ஆக, மட்டக்களப்பில் ஊரை அழித்த சொல், இங்கே புயலுக்கு இரண்டு படி கீழே நிற்கிறது. இடையில் முப்பது கிலோமீட்டர் நீரிணை. ராமேசுவரத்தில் உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்டவர்கள் எப்படிச் சமாளித்தார்களோ!

அறிக்கைத் தமிழைப் பற்றி எனக்கு வேறு மனத்தாங்கலும் உண்டு. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று படிப்படியாகப் போவது நல்ல தமிழ், நீளம்தான் தொல்லை. நீளத்துக்குப் பயந்து பத்திரிகைகள் கண்டுபிடித்தது ‘புயல் சின்னம்’. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று நான் எத்தனையோ முறை தலைப்புப் போட்டிருக்கிறேன். தேர்தல் காலத்தில் அந்தத் தலைப்பைப் பார்த்த கம்பாசிட்டர் ஒருவர், ‘எந்தக் கட்சி சார்?’ என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ‘கரையைக் கடந்தது’ என்பதையும் கடலோரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குக் காத்து ‘ஏறும்’, ‘அடிக்கும்’, ‘விழும்’. கரையைக் கடப்பது, ஆற்றைத் தாண்டுகிற மாதிரி, ஏதோ சிரமமில்லாத காரியமாக ஒலிக்கிறது. ஆனாலும் அது நிலைத்துவிட்டது. சென்னைப் புயல் எச்சரிக்கை மையத்தில் 2016 வரை இருந்த ரமணன், அதே சொற்களைத் தினமும் நிதானமான குரலில் தொலைக்காட்சியில் சொல்லிச் சொல்லி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் தாழ்வு மண்டலம் தெரியும்படி செய்துவிட்டார். பிள்ளைகள் விடுமுறைக்காகக் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இதற்கிடையே புயல் பட்டமும் ஆகிவிட்டது. இசைப்புயல், நடனப்புயல், வைகைப்புயல். மேகமாக இருந்தபோது கடவுளின் நிறத்துக்கு உவமையானது, காற்றானதும் கலைஞர்களின் வேகத்துக்கு. எங்கள் ஊரில் ஒரு பேருந்துக்குக்கூட அந்தப் பேர் இருந்தது. மணிக்கு 63 கிலோமீட்டரை அது எட்டியதாக நினைவில்லை.

2004-இலிருந்து வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குத் தனிப்பேர் வந்துவிட்டது. சுற்றியுள்ள நாடுகள் பட்டியல் கொடுக்கின்றன, வரிசைப்படி எடுக்கிறார்கள். 2011 டிசம்பர் 30-இல் கடலூரைப் புரட்டிய தானே மியான்மர் கொடுத்த பேர். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் ஏறிய கஜா இலங்கை கொடுத்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணியில் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. இப்போது எங்கள் பக்கம் ‘கஜாவுக்கு முன்னாடி போட்ட கன்னு’, ‘கஜாவுல போன கூரை’ என்கிறார்கள். நந்தன வருஷத்துக் காத்து இருந்த இடத்தில் கஜா உட்கார்ந்துவிட்டது. அப்பாயி வருஷத்தின் பேரைக் காத்துக்கு வைத்தாள், இவர்கள் காத்தின் பேரை வருஷத்துக்கு வைக்கிறார்கள். புயல் என்ற பொதுச்சொல் இரண்டு கணக்கிலும் இல்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் கரையை விட்டுப் பல நாள் ஆகியிருந்தது. கொடிமரத்தில் எந்த எண் ஏறினாலும் அவர்களுக்குத் தெரியாது. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்கே செய்தி அனுப்பும் கருவிகளைப் படகுகளுக்குக் கொடுக்கும் பேச்சு வலுத்தது. எங்கள் நாகை அக்கரைப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் கூண்டைப் பற்றிக் கேட்டேன். ‘கட்டுமரத்துல போனப்ப திரும்பிப் பாத்தா தெரியும் தம்பி. இப்ப பயலுவ பத்து நாளு உள்ள போயிடுறானுவ. அவனுக்குக் கூண்டு எங்க தெரியும்? போன்ல காத்துப் படம் பாக்குறான்’ என்றார். கூண்டு இப்போது பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. அது ஏறாவிட்டால் அவர்களுக்குப் படம் இல்லை.

இப்போதைய பேர்ப் பட்டியலில் 13 நாடுகள் கொடுத்த 169 பேர்கள் இருக்கின்றன. இந்தியா கொடுத்த பதின்மூன்றில் ஒன்று தமிழ்: ‘முரசு’. அதன் முறை வரும்போது எந்தப் பத்திரிகை ‘அதிர்ந்தது முரசு’ என்று எட்டுக்காலத் தலைப்புப் போடப்போகிறது என்று எனக்கு இப்போதே தெரியும். நான் மேசையில் இருந்தால் அதை அடித்துவிட்டு, எந்த ஊருக்கு வடக்கே ஏறியது, எந்த ஊருக்குத் தெற்கே ஏறியது என்று முதல் வரியில் வைக்கச் சொல்வேன். பெட்டிச் செய்தியில் 5-ஐயும் 6-ஐயும் நானே எழுதிக் கொடுப்பேன்.